முற்றத்துக் கோழிகளின் குணமும் சேட்டையும்

கொழுத்த மண்புழு ஒன்று கிடைத்தால் கோழி அதை நின்ற இடத்திலேயே தின்றுவிடாது. அலகில் கவ்விக்கொண்டு ஓட்டம் பிடிக்கும். பக்கத்தில் தவிடு கொத்திக்கொண்டிருந்தவையெல்லாம் தீனியை விட்டுவிட்டுப் பின்னாலேயே துரத்தும். துவைக்கிற கல்லைச் சுற்றி, தொழுவத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் அந்தப் புழு இரண்டு மூன்று அலகு மாறியிருக்கும். கண்டெடுத்த கோழிக்கே கடைசியில் அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முட்டையை உடைத்து வந்து சில நாளே ஆன குஞ்சுகளும் இப்படித்தான் ஓடுகின்றன. பொரிப்பகத்தில் பிறந்து தாயையே பார்க்காத குஞ்சுகளுக்கும் இந்த ஓட்டம் தெரிந்திருக்கிறது.

வீட்டில் ஐந்தாறு கோழி வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒவ்வொன்றின் குணத்தையும் தனித்தனியாகச் சொல்வார்கள். செவலைக்குக் கையில் கம்புத் தானியத்தைக் காட்டினால் போதும், மடிமீதே ஏறிவிடும். கருப்பி பத்தடி தள்ளித்தான் நிற்கும், யார் கைக்கும் அகப்படாது. புள்ளிக்கோழிக்கு வைக்கோல் போட்டுக் கூடை வைத்தாலும் பிடிக்காது. நெல் மூட்டைக்குப் பின்னால் போய்த்தான் முட்டையிடும். நான்கு கூடை வைத்திருக்கும் வீட்டில் எல்லாக் கோழியும் ஒரே கூடைக்கு முண்டியடிப்பதும் உண்டு. உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்க, வெளியே இரண்டு கேறிக்கொண்டே நடக்கும். பொறுமையிழந்தது அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடத்தைத் தேடிப்போய் முட்டையிடுவது கோழியின் இயல்பு. முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை மட்டும் கூடையிலேயே விட்டுவைக்கும் நம் வீட்டு வழக்கம் இதை அறிந்து வந்ததுதான்.

கோழிகளை இப்படி உற்றுக் கவனித்த ஒரு சிறுவன்தான் அறிவியலுக்கு ஒரு பெரிய உண்மையைத் தந்தான். நார்வேயைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே சின்ன வயதிலேயே கோழிகளின் சண்டையைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். எது எதைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் ஒதுங்குகிறது என்று கவனித்ததில், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை இருப்பது தெரிந்தது. முதலிடத்துக் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். 1920களின் தொடக்கத்தில், விலங்கியல் படித்த பின் இதை அவர் ஆய்வாக வெளியிட்டார். வரிசை எப்போதும் நேர்க்கோடாக இருப்பதில்லை என்பதையும் அவர் கண்டிருந்தார். செவலை கருப்பியை அடக்கும், கருப்பி புள்ளியை அடக்கும், ஆனால் அந்தப் புள்ளியிடம் செவலை பயந்து ஒதுங்கும். இப்படிப்பட்ட முக்கோணங்கள் கூட்டங்களில் உண்டு.

இந்த வரிசை கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அது முடிவான பிறகு சண்டை குறைகிறது. மூத்தது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாலே இளையது விலகிவிடும். ஒன்றையொன்று அவை அடையாளம் காண்பது முக்கியமாக முகத்தையும் கொண்டையையும் வைத்துத்தான். கொண்டையின் தோற்றம் மாறிப்போனால் கூடவே வளர்ந்த கோழியையும் அந்நியமாக எண்ணித் தாக்கும். மூன்று வாரம் அடைகாத்துவிட்டுத் திரும்பும் தாய்க்கோழி தன் இடத்துக்காக மறுபடி மல்லுக்கு நிற்பதையும் பார்க்கலாம்.

அடைக்கோழியின் பிடிவாதத்தைச் சொல்லி மாளாது. இறகை உப்பிக்கொண்டு, கிட்டே கையை நீட்டினால் உறுமிக் கொத்தும். முட்டை இல்லாவிட்டாலும் வெறும் கூடையில், ஏன், ஒரு கூழாங்கல் மேல்கூட நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும். உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவதால் வரும் நிலை இது. அடையைத் தெளிவிப்பதற்காகத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. இறகு செருகுவது வேதனை தரும் வழக்கம், அதை விட்டுவிட வேண்டும். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் கூடையில்லாமல் சில நாள் வைத்திருந்தாலே அடை தெளிந்துவிடும்.

அடைக்கு வைத்த 21ஆம் நாளை ஒட்டிக் குஞ்சு பொரியும். அதற்கு முந்தைய நாளே முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கத் தொடங்கும், தாயும் மெல்லிய குரலில் பதில் கொடுக்கும். வாத்து முட்டையை வைத்துப் பொரித்துவிட்டாலோ வேடிக்கைதான். குஞ்சுகள் குளத்தில் இறங்கி நீந்த, தாய்க்கோழி கரையில் இங்கும் அங்கும் ஓடிக் கத்தும். சிரிப்பு வரும் காட்சிதான், ஆனால் அதன் தவிப்பு பொய்யில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் எட்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று. குஞ்சுகள் மீது லேசாகக் காற்றை ஊதியபோது, பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயம் வேகமாகத் துடித்தது, கண்ணின் வெப்பம் குறைந்தது, குஞ்சுகளை அழைக்கும் குரலும் கூடியது.

சேவலுக்கு வருவோம். தீனி கண்டால் அது தலையைத் தாழ்த்தித் தூக்கி, “துக் துக்” என்று பெட்டைகளைக் கூப்பிடும். சில சமயம் கூப்பிட்ட இடத்தில் தின்ன எதுவுமே இருக்காது. பெட்டை தூரத்தில் இருக்கும்போது இந்த ஏமாற்று அழைப்பு கூடுவதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கூவுவதிலும் வரிசை உண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டியபடி, விடியலில் முதலில் கூவுவது கூட்டத்தின் தலைமைச் சேவல்; மற்றவை தகுதி வரிசைப்படி காத்திருந்து கூவும். தலைவனை அப்புறப்படுத்தினால் அடுத்த இடத்தில் இருப்பது தொடங்கிவைக்கும்.

முதல் முறை பார்ப்பவரைப் பதற வைப்பது புழுதிக் குளியல். கோழி ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை நீட்டி, கண் சொருகிக் கிடக்கும். செத்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால் உதறிக்கொண்டு எழுந்துவிடும். இறகில் படிந்த பழைய எண்ணெயையும் பேனையும் புழுதி எடுத்துப்போகிறது. கம்பிக் கூண்டில் மண்ணே இல்லாவிட்டாலும் கோழிகள் வெறும் கம்பியில் படுத்து அதே அசைவுகளைச் செய்கின்றன. அந்த ஆசை அவ்வளவு ஆழமானது.

இவையெல்லாம் காட்டிலிருந்து வந்த பழக்கங்கள். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை ஆசியாவின் செங்காட்டுக்கோழி. மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் தென்னிந்தியாவில், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் தெரியவந்தது. பருந்தின் நிழலைக் கண்டதும் ஒடுங்குவதும், இருட்டியதும் உயரத்தில் ஏறி அடைவதும் அந்தக் காட்டு வாழ்க்கையின் மிச்சம்.

முற்றத்திலோ மாடியிலோ கோழி வளர்க்க விரும்புகிறவர்கள் ஒன்றை மட்டும் தனியாக வாங்கிவர வேண்டாம், மூன்று நான்காவது சேர்ந்திருக்கட்டும். உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு மூலை, இரவில் ஏறி உட்கார ஒரு கொம்பு, மறைவாக ஒரு முட்டைக் கூடை, இவை அவசியம். புதிய கோழியைச் சில நாள் வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கிய பிறகே கூட்டத்தில் விடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் போட்டுவிடுங்கள்.