சுகம் கிடைத்த பின் ஷுக்ர்



உங்கள் வீட்டில் யாராவது கடும் நோயில் விழுந்து, பல நாள் வைத்தியசாலையில் கிடந்து, அல்லாஹ்வின் அருளால் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்களா? அல்லது அப்படித் திரும்பியவர் நீங்கள்தானா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குரியது. நோயில் பொறுமை செய்வதைப் பற்றி நாம் குத்பாக்களில் நிறையப் பேசுகிறோம். நோய் விட்டுப் போன பின்னர் வருகின்ற நீண்ட மாதங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு வரும்வரை நானும் பேசியதில்லை.

வயலிலிருந்து வாட்டுக்கு

உம்மாவின் வழியில் வந்த ஒரு துண்டு வயல் உக்குவளைப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் நான் ஒரு மத்ரஸாவில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிறுபோகக் காலத்தில் விடுமுறை கிடைக்கும் நாட்களில் வயலில் இறங்குவேன். அந்த முறை காலில் ஒரு சின்ன வெட்டுக் காயம் இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் சேற்றில் நின்று வரம்பு கட்டினேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால்கள் இரண்டும் அடித்துப் போட்டாற்போல் வலித்தன. கண்கள் சிவந்தன. "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று பனடோல் போட்டுக்கொண்டு நான்கு நாட்களை வீணாக்கினேன். அது முழுக்க முழுக்க என்னுடைய பிழை. கண் மஞ்சளித்து, சிறுநீர் குறைந்து போன பிறகுதான் மாத்தளை வைத்தியசாலைக்குப் போனேன். அங்கிருந்து அன்றிரவே அம்புலன்ஸில் ஏற்றி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

நோய் எலிக்காய்ச்சல். எலி, மாடு போன்ற பிராணிகளின் சிறுநீரால் இந்த நோய்க்கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. தோலில் உள்ள காயங்கள் வழியாக நம் உடலுக்குள் புகுகிறது. பலருக்குக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த 2008ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. சுமார் 200 பேர் மரணமடைந்தார்கள். மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் எங்கள் மாத்தளையும் ஒன்று. நான் அந்தக் கணக்கில் ஓர் எண்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டிருந்தன. ஐந்து தடவை இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை. இரவு வேலையில் இருந்த ஒரு சிங்களத் தாதி என்னை "மல்லி" என்றே அழைப்பார். நான் நடுங்கிய ஓர் இரவில் தன்னுடைய சுவெட்டரைக் கொண்டுவந்து என் கால்களின் மேல் போர்த்திவிட்டார்.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் என் வயதையொத்த ஒரு விவசாயி இருந்தார். அதே நோய். அவருடைய நகக்கண்களில் வயல் சேறு இன்னும் இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே வைத்தியர்கள். மூன்றாம் நாள் அவருக்கு மூச்சு முட்டியது. அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். பிறகு அவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி வந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

என்னைப் பார்க்க வந்தவர்கள், "நீங்க மௌலவி, துஆப் பறக்கத்தாலே தப்பினீங்க" என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னார்கள். ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்த எனக்கு அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாகக் குத்தியது. நான் உயர்ந்தவன் என்பதற்காகவா அல்லாஹ் என்னை விட்டுவைத்தான்? அப்படி நினைப்பது நன்றியாகுமா, பெருமையாகுமா? நம்மைவிடக் கீழ்நிலையில் இருப்பவரைப் பாருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பது, நமக்குக் கிடைத்த அருளை அற்பமாக எண்ணாமல் இருப்பதற்காக. அடுத்தவருடைய துன்பத்தை ஏணியாக்கி அதன்மேல் ஏறி நிற்பதற்காக அல்ல. உயிர் நமக்குக் கிடைத்த சம்பளமல்ல, ஓர் அமானிதம். திருப்பிக் கேட்கப்படும் பொருள் இன்னும் கொஞ்ச நாள் நம் கையில் விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீடு திரும்பிய பின்

மூன்று கிழமைகளுக்குப் பின் வீட்டுக்கு வந்தேன். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். ஹோர்லிக்ஸ் போத்தல்களும் பிஸ்கட் பக்கற்றுகளும் மேசையில் குவிந்தன. "எப்படி இருக்கு?" என்று கேட்ட எல்லோரிடமும் "அல்ஹம்து லில்லாஹ்" என்றேன். இரண்டாம் வாரம் ஆட்கள் குறைந்தார்கள். மூன்றாம் வாரம் வாசலில் யாருமில்லை. முகம் தெளிந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது. கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் முழங்கால் மடங்கியது. குர்ஆனைத் திறந்தால் அரைப் பக்கத்தில் கண் சோர்ந்தது. உடம்பு கொஞ்சம் சுட்டாலும் மீண்டும் வந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறியது. மனைவியின் காதுப்பூவை ஈடு வைத்துத்தான் கண்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிய வந்தது. மத்ரஸாவில் என் இடத்தில் வேறொருவர் ஓதிக் கொடுத்தார். பிள்ளைகள் அவரிடம் நன்றாகவே ஓதினார்கள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

ஒரு நாள் உப்பில்லாத கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "நான் மவுத்தாகியிருந்தா உங்க எல்லாருக்கும் லேசு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கீழே சிந்திய கஞ்சியைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். வாய் நாள் முழுக்க அல்ஹம்து லில்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தது. வீடோ என் நன்றிகெட்ட தனத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

ஐயூப் நபி (அலை) அவர்களிடம் நான் தாமதமாகப் படித்த பாடம்

ஐயூப் நபி (அலை) அவர்களுடைய சரித்திரத்தை நான் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய பொறுமையோடு பாடத்தை முடித்துவிடுவேன். அந்த வாரம் ஸூரா ஸாதைத் திறந்தபோதுதான், குர்ஆன் அவர்களுடைய சுகத்தைப் பற்றியும் பேசுகிறது என்பது உறைத்தது.

அல்லாஹ் நாடியிருந்தால் அவர்கள் படுத்திருந்த இடத்திலேயே சுகம் இறங்கியிருக்கும். ஆனால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது: காலால் நிலத்தைத் தட்ட வேண்டும். அதன் பிறகே குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் வெளிப்பட்டது (38:42). சிந்தித்துப் பாருங்கள். மெலிந்து போன ஒரு மனிதரிடம் கேட்கப்பட்டது மலையைத் தூக்குவதல்ல. அவருக்கு முடிந்த ஒரு சிறிய அசைவு. சுகப்படும் ஒருவருக்கு அன்றன்றைக்கு இயன்ற அந்தச் சிறிய அசைவே ஷுக்ராகிறது என்று எனக்குப் பட்டது.

இன்னுமொரு விடயம். நோயின்போது அவர்கள் கோபத்தில் ஒரு சத்தியம் செய்திருந்தார்கள்; அது தம் மனைவி சம்பந்தமானது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சத்தியமும் முறியாமல், அந்த அம்மையாருக்கும் நோகாமல், ஒரு பிடிப் புல்லைக் கொண்டு அதை நிறைவேற்றும் வழியை அல்லாஹ் காட்டினான் (38:44). உடம்பைச் சுகமாக்கியவன், நோய்க் காலத்துக் கோபம் வீட்டில் விட்டுச் சென்ற காயத்துக்கும் மருந்து காட்டுகிறான்.

அன்று மாலை நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "கஞ்சிக்கு உப்புப் போடக் கூடாதெண்டு டொக்டர் சொன்னது. எனக்கு மட்டும் போட விருப்பமில்லையா?" என்றார். அவருடைய கோபம் அவ்வளவுதான்.

ஒரு மௌலவியின் நோன்பு

மறுநாள் முதல் ஒரு கணக்கு வைத்தேன். முதலில் வாசற்படி வரை. பிறகு பலா மரத்தடி வரை. பிறகு சந்திக் கடை வரை. பள்ளிவாசலின் முன்னால் போய் நிற்க ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. முஅத்தின் ஒரு கதிரையைக் கொண்டுவந்து ஸப்பின் ஓரத்தில் வைத்தார். முன்னால் நின்று தொழுவித்தவன் பின்னால் உட்கார்ந்து தொழ வெட்கப்பட்டேன்.

அதே செப்டெம்பரில் நோன்பு வந்தது. "இந்த முறை வேண்டாம், கிட்னி இன்னும் முழுசாகத் தேறவில்லை" என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. ஊரெல்லாம் நோன்பு, மௌலவி மட்டும் பகலில் தண்ணீர் குடிப்பதா? ஸஹர் செய்து நோன்பு பிடித்தேன். அஸருக்கு முன்பே மயங்கி விழுந்தேன். உம்மா தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டியபடி, "மகன், அல்லாஹ் தந்த சலுகையை வேண்டாமெண்டு சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டார். ஏழு வருடம் அறபுக் கல்லூரியில் ஓதியவனுக்கு ஓதாத தாய் சொன்ன பாடம் அது.

இம்றான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் சாய்ந்து என்று பதில் கிடைத்தது. புகாரியில் பதிவான செய்தி இது. சுகமாயிருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி, நோயிலும் அடியானுக்கு எழுதப்படுகிறது என்பதும் அதே நூலில் இருக்கிறது. அப்படியிருக்க, சலுகையை மறுத்து நான் காப்பாற்ற நினைத்தது எதை? என் மார்க்கத்தையல்ல, ஊரில் எனக்கிருந்த பெயரை. விட்டுப்போன நோன்புகளை உடம்பு தேறிய பின், அடுத்த ரமழானுக்கு முன் ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்தேன்.

நன்றி ஒரு கட்டடமாக எழுந்தது

மம்லூக் அமீராக இருந்த கலாவூன் ஒரு முறை திமிஷ்கில் கடும் வயிற்று வலியில் விழுந்தார். நூருத்தீன் கட்டிய வைத்தியசாலையின் மருந்துகளால் சுகமடைந்தார். தனக்கு ஆட்சி கிடைத்தால் இதைப் போன்று ஒன்றைக் கட்டுவேன் என்று அப்போது நேர்ந்துகொண்டார். 1279இல் சுல்தானானார். 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி வைத்தியசாலையை எழுப்பினார். ஆண் பெண், ஏழை பணக்காரர், ஊரவர் வெளியூரவர் என்ற பேதம் அங்கு இருக்கவில்லை. முழுதாகத் தேறும்வரை தங்கலாம். வெளியேறுபவருக்கு உடுப்பும் கொடுத்தார்கள். பிழைத்தவனுக்கு இனியும் தேவைகள் உண்டு என்று அந்தக் காலத்து வக்பு சிந்தித்திருக்கிறது. நமது ஜமாஅத் சிந்திக்கிறதா?

சுல்தானின் செல்வம் நம்மிடம் இல்லை. ஆனாலும் நம்மால் முடிந்தவை உண்டு.

நோயாளியை வைத்தியசாலையில் பார்த்தது போதாது. அவர் வீடு வந்து ஆறாம் வாரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அவரோடு கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். கடை பூட்டிக் கிடந்தால் வாடகைக்கு வழி இருக்கிறதா என்று மறைவாக விசாரியுங்கள்.

சுகப்படுபவர்களே! கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். வைத்தியரைக் கேட்காமல் நோவுக் குளிசைகளை விழுங்காதீர்கள். அவற்றுட் சில சிறுநீரகத்துக்குக் கெடுதியானவை. உங்களைத் தாங்கியவரிடம் வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து.

வயலில் இறங்குபவர்களே! இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையைப் பற்றிக் கேளுங்கள். டொக்சிசைக்கிளின் என்ற அந்த மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகவே தருகிறார்கள். காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நான் செய்த தாமதத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

இப்போது எனக்கு நாற்பதுகளின் நடுப்பகுதி. காதுப்பூவை மீட்க ஒன்றரை வருடம் சென்றது. ஒவ்வொரு போகமும் தொடங்குமுன், ஜும்ஆவுக்குப் பின் அந்தக் குளிசையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுகிறேன். பக்கத்து வயல்களின் சிங்களச் சகோதரர்களிடமும் வரப்பில் நின்று சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டிலுக்குக் கீழே கிடந்த செருப்பு நினைவுக்கு வரும். நான் செலுத்தும் நன்றியில் அந்த மனிதருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டுமென்றே நினைக்கிறேன்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்குப் பூரண சுகத்தைத் தருவாயாக! சுகம் பெற்றவர்களுக்கு அந்தச் சுகத்தைச் சரியாகச் செலவிடும் உள்ளத்தைத் தருவாயாக! அவர்களைத் தாங்கிய கரங்களுக்கு நற்கூலி வழங்குவாயாக! ஆமீன்.