கருப்பட்டி காய்ச்ச எந்த பாத்திரம் நல்லது? அலுமினியம் வாங்கினால் காசும் போச்சு, பதநீரும் போச்சு!

உடன்குடி:

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி வட்டாரத்தில் கோடை வந்தாலே கருப்பட்டி அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அத்தனையும் உயிரைப் பணயம் வைத்து பனை ஏறி இறக்கியது. பாத்திரம் சரியில்லை என்றால் அன்றைய உழைப்பு மொத்தமும் வீண்தான்.

கலயம்: பதநீர் இறக்க மண் கலயமே நல்லது. உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. தடவ மறந்தால் கள்ளாகிவிடும். பிளாஸ்டிக் குடம் எடை குறைவுதான். ஆனால் கீறலில் தங்கும் அழுக்கு, மறுநாள் பதநீரையும் புளிக்க வைத்துவிடும்.

தாச்சி: வாய் அகன்று, ஆழம் குறைவாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். விறகும் மிச்சம். அடி கனமான எவர்சில்வர் தாச்சி துருப்பிடிக்காது. மெல்லிய தகடு என்றால் பாகு அடிபிடித்து கருகும்.

அலுமினியம்: விலை குறைவு என்று ஏமாந்துவிடக் கூடாது. பதநீரில் இருக்கும் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். அரித்த உலோகம் பாகில் கலந்துவிடும்.

அடுப்பு: மணிக்கணக்கில் பாகு கிண்டுவது பெரும்பாலும் பெண்கள். புகைபோக்கி வைத்த அடுப்பு இருந்தால் கண்ணும் நெஞ்சும் தப்பிக்கும். காய்ந்த ஓலை, மட்டையே போதும். ரப்பர், பிளாஸ்டிக் கழிவை எரித்தால் விஷப்புகை.

கையில் காசு குறைவா? முதலில் நல்ல தாச்சி, அடுத்து புகைபோக்கி. அச்சுக்கு செலவே வேண்டாம். தேங்காய் சிரட்டை இருக்கவே இருக்கு!