நிலத்தடி நீரின் தரச்சுட்டியும் எண்ணிமப் படமும்

மாணவர்களே, சீனன்குடா என்றதும் விமானத்தளமும் கோதுமை மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் உங்கள் நினைவுக்கு வரும். கடலை அண்டிய இத்தகைய இடத்தில் கிணற்றுநீர் குடிப்பதற்கு உகந்ததா என்பதை எவ்வாறு மதிப்பிடுவது?

முதலில் காலம். திருகோணமலைக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கிடைக்கிறது. வரட்சியில் நன்னீர்மட்டம் தாழும்போது கரையோரக் கிணறுகளில் உவர்நீர் உட்புகலாம். எனவே மாரி முடிந்த பின்னரும் வரட்சியின் இறுதியிலும் நீர் மாதிரி எடுத்தல் வேண்டும்.

பல சோதனை முடிவுகளை ஒரே எண்ணாகச் சுருக்குவதே நீர்த் தரச்சுட்டி. இச்சிந்தனையை 1965இல் முன்வைத்தவர் அமெரிக்கரான ஹோர்ட்டன். இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில், ஒவ்வொரு கூறின் அளவையும் அதன் நியம அளவால் வகுத்து 100ஆல் பெருக்கி, பின் அக்கூறுக்குரிய நிறையால் பெருக்கிக் கூட்டுவர். விடை 50இற்குக் குறைவாயின் மிக நன்று; 50–100 நன்று; 100–200 தரங்குறைந்தது; 200–300 மிகத் தரங்குறைந்தது; அதற்கு மேல் குடிக்க உதவாது.

ஒரு கற்பனைக் கிணற்றை எடுப்போம். லீற்றருக்கு மில்லிகிராமில் குளோரைட்டு 500 (நியமம் 250), நைத்திரேற்று 25 (நியமம் 50), வன்மை 125 (நியமம் 250). நிறைகள் முறையே 0.3, 0.5, 0.2 எனக் கொள்க.

200 × 0.3 = 60
50 × 0.5 = 25
50 × 0.2 = 10
சுட்டி = 95

வகுப்பு "நன்று". ஆனால் குளோரைட்டோ நியமத்தின் இருமடங்கு! அந்த நீரைக் குடிப்பவருக்கு உப்புக் கரிக்கும். சுட்டியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் விடை அரைகுறையானது. நியமத்தைத் தாண்டிய கூறையும் குறிப்பிடுக.

சோதிக்காத கூறு சுட்டியில் இடம்பெறவே மாட்டாது. சுன்னாகத்தில் மக்களை அலைக்கழித்தது கிணறுகளில் கலந்த எண்ணெய். அங்கிருந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலே கண்ட மூன்று கூறுகளை மட்டும் அளந்திருந்தால் அந்த எண்ணெய் தெரியவந்திராது. பிரித்தானியர் எண்ணெய்த் தாங்கிகள் அமைத்த சீனன்குடாவிலும் எண்ணெய்ச் சோதனை சேர்க்கப்படவேண்டும். அங்கு நீர் மாசடைந்துள்ளது என்பது இதன் பொருளன்று. சோதிக்காமல் "நன்று" என எழுதமுடியாது என்பதே பொருள்.

இனிப் படம். கிணறுகளின் அகலக்கோடு, நெடுங்கோட்டை ஜீ.பீ.எஸ். கருவியால் பெற்று, சுட்டிகளுடன் புவியியல் தகவல் முறைமையில் இடுவர். கிணறில்லாத இடங்களின் பெறுமானத்தைக் கணினி அயற்கிணறுகளிலிருந்து கணிக்கும். அண்மையிலுள்ள கிணற்றுக்குச் செல்வாக்கு அதிகம். கணினி தூரத்தை நேர்கோட்டிலேயே அளக்கும். கரையோர எல்லையை நாம் கொடுக்காவிடின், உட்துறைமுகத்துக்கு அப்பாலுள்ள நகரக் கிணறு சீனன்குடாவின் நிறத்தை மாற்றிவிடும். இடையில் கடல் இருப்பது கணினிக்குத் தெரியாதல்லவா! ஆகவே படத்தில் கிணறுகளைப் புள்ளிகளாகவும் காட்டுதல் அவசியம். புள்ளி இல்லாத இடத்து நிறம் வெறும் கணிப்பு.

பயிற்சி: மேற்படி கிணற்றில் வரட்சிக் காலத்தில் குளோரைட்டு 750 ஆக உயர்ந்தால் சுட்டி யாது? எவ்வகுப்பில் அடங்கும்? (விடை: 125, தரங்குறைந்தது)