கடைசி ஆறு நிமிடங்கள்

2009 செப்டம்பர் 2. சித்தூர் மாவட்டம் அனுப்பல்லி கிராமம் முதல்வருக்காகக் காத்திருந்தது. அரசுத் திட்டங்கள் உண்மையில் மக்களைச் சேர்கின்றனவா என்று நேரில் கேட்டறியும் 'ரச்சபண்டா' நிகழ்ச்சியை ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி அங்குதான் துவக்குவதாக இருந்தார். காலை 8.38க்கு ஹைதராபாத் பேகம்பேட்டிலிருந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் வந்து சேரவேயில்லை.

மறுநாள் காலைதான் விடை கிடைத்தது. ராணுவம், மத்திய ரிசர்வ் போலீஸ், சுகோய் விமானங்கள் எல்லாம் தேடலில் இறங்கிய பிறகு, கர்னூலை அடுத்த நல்லமலைக் காட்டில் சிதறிக் கிடந்த பெல் 430 ஹெலிகாப்டரை விமானப் படை கண்டுபிடித்தது. முதல்வர், அவரது செயலாளர், பாதுகாப்பு அதிகாரி, இரண்டு பைலட்டுகள் - ஐவரும் இறந்திருந்தார்கள்.

நக்ஸலைட்டுகள் நடமாடிய காடு. செல்வாக்கின் உச்சத்தில் இருந்த தலைவர். சந்தேகத்துக்குக் கேட்க வேண்டுமா? 2010 ஜனவரியில், ஒரு இணையதளம் கிளப்பிய சதிக் கதையைத் தெலுங்கு டிவி சானல்கள் ஒளிபரப்ப, மாநிலத்தின் பல இடங்களில் ஒரு பெரிய தொழில் நிறுவனத்தின் கடைகள் தாக்கப்பட்டன.

ஆனால் பவன் ஹன்ஸ் நிறுவனத் தலைவர் ஆர்.கே.தியாகி தலைமையிலான விசாரணைக் குழு கண்டது வேறு. காக்பிட் குரல் பதிவுக் கருவி நெருப்புக்குத் தப்பியிருந்தது. அதில் பதிவாகியிருந்தது சதி அல்ல, ஒரு சாதாரணச் சிக்கல். டிரான்ஸ்மிஷன் ஆயில் பிரஷர் பற்றி பைலட்டுகளுக்கு ஒரு சந்தேகம். விளக்கம் தேடிக் கையேட்டைப் புரட்டுவதிலேயே கடைசி ஆறு நிமிடங்களுக்கு மேல் போய்விட்டது. வெளியே அந்த நேரத்தில் இடிமேகம்.

இந்த வகை மேகத்துக்குள் காற்று நேர் கீழாகவும் பாயும். அதன் பிடியில் சிக்கும் ஒரு ஹெலிகாப்டர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடி வேகத்தில் இறக்கப்படலாம். நான்கு டன் எடை கொண்ட இலகு ரக ஹெலிகாப்டருக்கு அதை எதிர்க்கும் பலம் கிடையாது. கீழே சமவெளி இருந்தாலாவது சுதாரிக்கச் சில விநாடிகள் கிடைக்கும். நல்லமலையில் அதுவும் இல்லை. கிளம்பிய 49 நிமிடங்களில், 9.27க்கு எல்லாம் முடிந்தது.

அதாவது சிறிய எச்சரிக்கை ஒன்று பெரிய ஆபத்திலிருந்து கண்களைத் திருப்பிவிட்டது. இருவர் ஓட்டும்போது ஒருவர் கையேட்டைப் பார்க்கலாம். மற்றவரின் கண் வானத்திலும் மீட்டர்களிலும் இருந்தாக வேண்டும். விமானப் பயிற்சியின் பாலபாடம் இது.

இது ஆந்திராவின் முதல் அனுபவமும் அல்ல. 2002 மார்ச் 3 அன்று மக்களவை சபாநாயகர் ஜி.எம்.சி.பாலயோகி, கைகலூர் அருகே சிறிய பெல் 206 ஹெலிகாப்டர் குளத்தில் விழுந்து இறந்தார். 2011ல் அருணாசல முதல்வர் தோர்ஜி காண்டுவின் ஹெலிகாப்டர் மலையில் மறைந்தது. கண்டுபிடிக்க ஐந்து நாளாயிற்று. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் தளபதி பிபின் ராவத்தையும் இன்னும் 13 பேரையும் பலிகொண்ட விபத்திலும் முப்படை விசாரணை நாசவேலையை மறுத்தது. திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்த பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்றது.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யாரையும் தண்டிப்பதல்ல என்கிறது சர்வதேச விதி. சதியைத் தேடுகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் சதி என்று நம்பிவிட்டால் திருத்திக்கொள்ள எதுவும் மிஞ்சாது. மேகம்தான் காரணம் என்றால் செய்வதற்கு நிறைய இருக்கிறது: வழிநெடுக வானிலைத் தகவல், தொடர் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் அமர்ந்திருப்பது யாராக இருந்தாலும் "திரும்பிப் போகிறோம்" என்று சொல்லும் உரிமை பைலட்டுக்கு.

திரும்பியிருந்தால் அனுப்பல்லி மக்கள் ஏமாந்திருப்பார்கள். ஒரு நாள்தான்.