ஒரு கேள்வி, மூணு பதில்: டியூ டிலிஜென்ஸ்ல நாங்க மாட்டின கதை

இன்னைக்கு டியூ டிலிஜென்ஸ் பத்திப் பேசலாம். ஸ்டார்ட்அப்ல வேலை பார்க்கறவங்களுக்கும் சரி, சொந்தமா ஆரம்பிக்கலாம்னு யோசிக்கறவங்களுக்கும் சரி, இது ஒருநாள் உதவும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சரவணம்பட்டியில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்தேன். ஒரு ஃபண்டு எங்க கம்பெனியில முதலீடு செய்ய ஒத்துக்கிட்டாங்க. டெர்ம் ஷீட்ல கையெழுத்தாச்சு. பணமே வந்துட்ட மாதிரி எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். அடுத்த வாரம் ஒரு எக்ஸெல் ஃபைல் வந்தது. அதுல 140 கேள்வி. "ஃபோல்டர் வேலைதானே, நீயே பாரு"ன்னு என் தலையில கட்டினாங்க. ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்னு நினைச்சேன். ஏழு வாரம் ஆச்சு. அதுல ஒரு மாசம் யாருக்கும் தேதிக்குச் சம்பளம் வரலை. வீட்டு வாடகை கட்டணும்னு கேட்ட டெஸ்டர் பையனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

நிலம் வாங்கறதுக்கு முன்னாடி மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்ப்போம் இல்லையா? முதலீட்டாளர் கம்பெனிக்குச் செய்யறதும் அதேதான். ஷேர் யார் யார்கிட்ட இருக்கு, வரி கட்டியிருக்கீங்களா, வழக்கு ஏதாவது இருக்கா, சாஃப்ட்வேர் உண்மையிலேயே உங்களுதுதானா. ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரம் கேட்பாங்க.

ஆள் எண்ணிக்கையிலேயே மாட்டினோம்

"எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?" இதைவிடச் சுலபமான கேள்வி இருக்கா? முதலீட்டாளருக்குக் காட்டின பிட்ச் டெக்ல 24. பிஎஃப் கணக்குல 17. சம்பளப் பட்டியல்ல 21. யாரும் பொய் சொல்லலை. டெக்ல ஃப்ரீலான்சர்களையும் சேர்த்திருந்தாங்க, பிஎஃப் கணக்குல இன்டர்ன்கள் இல்லை. ஆனா படிக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரே கேள்விக்கு மூணு பதில் வந்தா, மத்த 139 பதில் மேலயும் சந்தேகம் வந்துடும்.

வருமானத்துலயும் இதே கதை. ஒரு கஸ்டமர் வருஷத்துக்கு மொத்தமா 12 லட்சம் கட்டறார்னு வெச்சுக்குங்க. இன்வாய்ஸ் போட்ட மாசத்துலயே ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல முழு 12 லட்சமும் ஏறிடும். கணக்குப் புத்தகத்துலயோ மாசம் ஒரு லட்சமா 12 மாசத்துக்குப் பிரியும். ரெண்டுமே சரிதான். ஆனா ஏன் வித்தியாசம்னு காட்டற ஒரு பக்கக் கணக்கை ஆடிட்டர்கிட்டச் சொல்லி முன்னாடியே போட்டு வெச்சிருக்கணும். நாங்க வெக்கலை.

நான் கத்துக்கிட்டது இதுதான்: எந்த எண்ணா இருந்தாலும் கூடவே ஒரு தேதியும், எதையெல்லாம் சேர்த்து எண்ணினோம்ங்கற ஒரு வரியும் இருக்கணும். "மார்ச் 31 அன்னைக்கு, ஃப்ரீலான்சர் நீங்கலா 21 பேர்"னு எழுதினா அந்தக் கேள்வி அங்கயே முடிஞ்சிடும்.

கோடு யாருது?

எங்களை உண்மையில நிறுத்தினது வேற ஒரு கேள்வி. "சாஃப்ட்வேரின் முழு உரிமையும் கம்பெனிக்கே சொந்தம்ங்கறதுக்கு ஆவணம் கொடுங்க." ஆரம்பத்துல ஒரு ஃப்ரீலான்சர்தான் பாதி பேக்எண்டை எழுதினார். பணம் கொடுத்தாச்சு, இன்வாய்ஸ் இருக்கு. அது போதும்னு நினைச்சோம்.

போதாது. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17படி, ஊழியர் வேலையின் பகுதியா எழுதினது பொதுவா கம்பெனிக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் ஊழியர் இல்லை. அவர் உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டு மாத்திக் கொடுக்கணும். பிரிவு 19 இன்னொண்ணும் சொல்லுது: ஒப்பந்தத்துல காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான் செல்லும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அவர் அதுக்குள்ள ஜெர்மனி போயிட்டார். நல்ல மனுஷன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரைத் தேடிப் பிடிக்கவும், வக்கீல் ஆவணம் எழுதவும் மூணு வாரம் போச்சு.

அப்ப எப்படி அடுக்கி வெக்கறது?

ஒரு ஷீட் போதும். அஞ்சு காலம்: கேள்வி, பதில், ஆதார ஃபைல், பதிலுக்குப் பொறுப்பானவர், எந்தத் தேதி நிலவரம். ஃபைல் பேரை வருஷம், மாசம், நாள்னு ஆரம்பிச்சா தானா வரிசையாகிடும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ரியல் ஃபைனல்" எல்லாம் வேண்டாங்க. கையெழுத்தானது ஒரு ஃபோல்டர், டிராஃப்ட் வேற ஃபோல்டர்.

அப்பறம், கெடு இருக்கற ஆவணங்களைத் தனியா குறிச்சு வெச்சுக்குங்க. பிரைவேட் பிளேஸ்மென்ட்ல ஷேர் ஒதுக்கினா 15 நாளுக்குள்ள பிஏஎஸ்-3 படிவம் தாக்கல் செய்யணும். அது வரைக்கும் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. வெளிநாட்டு முதலீடுன்னா, ஒதுக்கின 30 நாளுக்குள்ள எஃப்சி-ஜிபிஆர். கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுக்கு வெச்சிருக்கணும்.

ஆதார் நகல், தனிப்பட்ட சம்பள விவரம் எல்லாத்தையும் மறைச்சுட்டுக் கொடுங்க. கஸ்டமர் ஒப்பந்தத்துல ரகசியப் பிரிவு இருந்தா, அனுமதி வாங்கிட்டுக் கொடுங்க. ஒரு விஷயம் இல்லைன்னா "இல்லை, இந்தத் தேதிக்குள்ள சரி செய்வோம்"னு எழுதுங்க. கடைசியில போடற ஒப்பந்தத்துல "நாங்க சொன்னதெல்லாம் உண்மை"ன்னு உத்தரவாதம் கேட்பாங்க. இன்னைக்கு மறைச்சது நாளைக்கு ஒப்பந்த மீறலாகிடும்.

இதையே தொழிலாக்கின ஒரு கம்பெனிக்கு நம்ம கோயம்புத்தூர்ல ஆபீஸ் இருக்கு. 2015ல கணேஷ் சங்கர், ஏ.ஜே. சுந்தர், சங்கர் லகுடு சேர்ந்து அமெரிக்காவுல ஓரிகன்ல ஆரம்பிச்ச ஆர்எஃப்பிஐஓ. 2023ல இருந்து அதுக்கு ரெஸ்பான்சிவ்னு பேரு. டெண்டர் கேள்விகள், பாதுகாப்புக் கேள்விகள், டியூ டிலிஜென்ஸ் கேள்விகள் எல்லாத்துக்கும் பழைய பதில்களை நூலகமா சேர்த்து வெச்சு, புதுக் கேள்வி வந்தா பொருத்தமான பதிலை எடுத்துக் கொடுக்கற மென்பொருள். பெரிய கம்பெனிகளுக்கு அது தேவைப்படும். ஆனா எந்த மென்பொருளா இருந்தாலும், ஏஐயே ஆனாலும், உள்ள இருக்கற பதில் பழசா இருந்தா, தப்பைத்தான் வேகமா அனுப்பும்.

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில மாமா ஒருத்தர் இருக்கார். வெளிநாட்டு பையர் அனுப்பற ஆடிட்டர்களுக்கு வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு எடுத்துக் காட்டறதுதான் அவர் வேலை. எங்க கதையைக் கேட்டுட்டு அவர் சொன்னது: "கேக்கறப்ப தேடக்கூடாது கண்ணு. செய்யறப்பவே எடுத்து வெக்கோணும்."

எங்களுக்குக் கடைசியில பணம் வந்தது. அந்த டெஸ்டர் மட்டும் அதுக்கு முன்னாடியே வேற வேலைக்குப் போயிட்டார்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க கம்பெனி ஆள் எண்ணிக்கையை மூணு இடத்துல பாருங்க: டெக், பிஎஃப், சம்பளப் பட்டியல். மூணும் ஒத்துப்போகலைன்னா, ஏன்னு ஒரு வரி எழுதி வெச்சுடுங்க. அதுதான் உங்க ஷீட்டோட முதல் வரி. அடுத்த வாரம் பார்ப்போம்.