பழைய இசைத்தட்டு வாங்கும் முன்

பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நம்மில் யாரும் விலை பேசுவதில்லை. மேலே நல்ல சரக்கும் அடியில் பொடியும் வைத்துத் தைக்கும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. அப்படிப் பழகிய நாங்கள்தான் 2009-ல், 210 பழைய இசைத்தட்டுகளை அட்டை உறைகளை மட்டும் எண்ணி வாங்கினோம்.

விருதுநகரில் எங்களிடம் சரக்கெடுத்து வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், கூடவே மைக் செட்டும் வாடகைக்கு விட்டு வந்தவர். கடையை மூடும்போது எங்களுக்கு ரூ. 11,400 நிலுவை. "ரொக்கம் இல்லை அண்ணாச்சி, தட்டுகள் இருக்கு, எடுத்துக்குங்க" என்றார். பற்றை அடித்துவிட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். பிறகு விவரம் அறிந்த ஒருவரை வைத்துப் பிரித்தபோது தேறியது 64. அன்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம். இசைத்தட்டைத் தேடி வாங்குவோர் இப்போது மறுபடியும் பெருகியிருப்பதால், உறுப்பினர் பலரிடம் இப்படிப் பெட்டிகள் வரக்கூடும்.

முதலில் உறையைத் திறக்க வேண்டும். உறையில் ஒரு படமும் உள்ளே வேறு படத்தின் தட்டும் இருப்பது சகஜம். எங்களுடையதில் ஒன்பது உறைகள் வெறுமை! நடுவிலுள்ள தாள் சீட்டில் அச்சிட்ட எண்ணை உறையில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்தால் போதும்.

அடுத்து, எந்த இனம் என்று பார்க்க வேண்டும். கனமாக, கீழே விழுந்தால் சில்லாக உடைவது 78 சுற்றுத் தட்டு. அது அரக்கு கலந்து செய்தது. 33 சுற்று எல்.பி.யும் 45 சுற்று இ.பி.யும் பெரும்பாலும் வினைல் பிளாஸ்டிக், சற்று வளையும். 78-ன் பள்ளம் அகலம், எல்.பி.யின் பள்ளம் மெல்லியது. ஆகவே இரண்டுக்கும் ஊசி வேறு. பழைய கிராமபோனின் எஃகு ஊசியில் எல்.பி.யை ஓட்டிக் காட்டச் சொன்னால் அந்தத் தட்டு அத்தோடு போயிற்று. அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும் கூடாது. ஆசாரிமார் பாலீஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? 78-ல் விரிசல் இருக்கிறதா என்று அறிய, நடுத்துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு மெல்லத் தட்ட வேண்டும். நல்லது கணீர் என்னும். விரிந்தது பானையைப் போலவே காட்டிக் கொடுத்துவிடும்.

வினைல் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடை விளக்கைவிட வாசல் வெயில் மேல். கறுப்பு பளபளவென்று இருந்தால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது, கழுவினாலும் வராது. கீறலை நகத்தால் மெல்லத் தடவினால் நகம் தட்டுகிற இடத்தில் பாட்டிலும் 'டக் டக்' கேட்கும். நகத்துக்குத் தெரியாத கோடுகள் பெரும்பாலும் பாதகமில்லை. வெள்ளைப் பூஞ்சணம் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுத் துடைத்தால் பல சமயம் போய்விடும். தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து நெளிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

போட்டுக் கேட்க வாய்ப்பிருந்தால் முதல் பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். உள்வட்டத்தில்தான் இரைச்சலும் கரகரப்பும் முதலில் தெரியும்.

மைக் செட் சரக்கு வேறு, வீட்டுச் சரக்கு வேறு. கல்யாண வீடுகளில் ஓடி ஓடித் தேய்ந்த பாட்டுகள் எங்கள் பெட்டியில் ஏராளம். அதே பெட்டியில் யாரும் கேட்காத தட்டுகள் புதிது போலவே இருந்தன! வீட்டில் ஒருவரே ஆசையாக வைத்துக் கேட்டதென்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். எப்படியானாலும் மொத்தமாகத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல், நல்லது, நடுத்தரம், கழிவு என்று மூன்றாகப் பிரித்து விலை சொல்வதே இரு தரப்புக்கும் நியாயம். அந்த மைக் செட்காரர் எங்களை ஏமாற்றவில்லை. அவரும் உறையைத்தான் எண்ணினார்.

தேறிய 64-ஐயும் நாங்கள் சரியாக வைக்கவில்லை. தகரக் கூரைக் கிட்டங்கியில், வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு அடுக்கினோம். புத்தகம் போல நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சித்திரை வெயிலில் பாதிக்குமேல் அப்பளம் போல நெளிந்துவிட்டன.

மறு வருடம் அவருடைய மகன் வந்தார். அப்பா காலமாகிவிட்டார் என்றும், கடை திறக்கும்போது அவர் தினமும் முதலில் போடும் பக்திப் பாட்டுத் தட்டு ஒன்றை மட்டும் விலைக்குத் தர முடியுமா என்றும் கேட்டார். தேடி எடுத்துப் பார்த்தோம். நெளிந்தவற்றில் அதுவும் ஒன்று. பணம் வாங்கவில்லை. அது ஓடாது என்று சொல்லியும், அவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.