பழைய இசைத்தட்டு மீண்டும் பாடட்டும்

தாத்தா வீட்டு அலமாரியின் அடித்தட்டில் பழைய இசைத்தட்டுக் கருவி ஒன்றும் சில இசைத்தட்டுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தூசியைத் துடைத்து, வரவேற்பறையில் உள்ள ஒலிபெருக்கிகளுடன் அக்கருவியை இணைக்கிறீர்கள். தட்டு சுழல்கிறது, ஊசி மெல்ல இறங்குகிறது. ஆனால், பாடல் கொசுவின் ரீங்காரம்போல் மெலிந்து கேட்கிறது. "இது கெட்டுப்போய்விட்டது, தூக்கிப் போட்டுவிடலாம்" என்கிறார் வீட்டில் ஒருவர்.

சற்றுப் பொறுங்கள்! கருவி நன்றாக இருந்தும் இணைப்பு மட்டும் தவறாக இருக்கலாம். அந்தத் தட்டுகளில் உள்ள பாடல்களுள் சில இன்று வேறெங்கும் கிடைக்காதவையாகவும் இருக்கலாம். எனவே, குறை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறிவோம்.

ஒலி செல்லும் வழி

இசைத்தட்டின் மேற்பரப்பில் மிக நுண்ணிய பள்ளம் ஒன்று சுருள் வடிவில் செல்கிறது. தட்டு சுழலும்போது, அப்பள்ளத்தின் வளைவு நெளிவுகளுக்கு ஏற்ப ஊசி அதிர்கிறது. ஊசியைத் தாங்கியிருக்கும் 'கார்ட்ரிட்ஜ்' என்னும் சிறு பகுதி அந்த அதிர்வை மின்குறிப்பாக மாற்றுகிறது. அக்குறிப்பு கம்பிவழியாக ஆம்ப்ளிஃபையருக்குச் சென்று வலுப்பெறுகிறது. பின்னர், ஒலிபெருக்கியில் அது மீண்டும் ஒலியாகிறது.

இவ்வழியில் எந்த இடத்திலும் தடை ஏற்படலாம். அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத் தட்டை மட்டும் சுழலவிடுங்கள். ஊசியின் அருகே காதைக் கொண்டு செல்லுங்கள். பாடல் மிக மெல்லிதாகக் கேட்கும். அவ்வாறு கேட்டால், ஊசி பள்ளத்தைச் சரியாகத் தொடர்கிறது என்று பொருள். குறை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஒலி மெலிந்து கேட்டால்

பலரையும் குழப்பும் குறை இதுதான். பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்கள் காந்தத்தால் இயங்குபவை. அவை தரும் மின்குறிப்பு சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். குறுந்தட்டுக் கருவியோ ஏறத்தாழ 2 வோல்ட் வரை தரும். ஆகவே, குறுந்தட்டுக் கருவிக்கு உரிய துளையில் இசைத்தட்டுக் கருவியைச் செருகினால் ஒலி மிகவும் குறைந்து கேட்கும்.

ஒலி குறைவதோடு அதன் இனிமையும் கெடும். இதற்கும் காரணம் உண்டு. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே பதிவு செய்தால் பள்ளம் மிக அகலமாக வளைந்து, தட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே, பதிவு செய்யும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954ஆம் ஆண்டு அமெரிக்க இசைப்பதிவுத் துறையினர் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தனர். தட்டை இயக்கும்போது இந்த மாற்றத்தைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல், மத்தளத்தின் முழக்கம் மறைந்து, கீச்சொலி மட்டும் மிஞ்சும்.

இவ்விரு பணிகளையும் செய்வது போனோ முன்பெருக்கி. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் 'போனோ' என்று குறிக்கப்பட்ட துளைகள் இருக்கும். அவற்றில் செருகினால் போதும். அத்துளைகள் இல்லையென்றால், தனியாக ஒரு முன்பெருக்கியை வாங்கி இடையில் இணைக்கலாம்.

மாறாக, ஒலி மிக உரத்து, கரகரவென்று சிதைந்து கேட்கிறதா? அப்படியானால், கருவிக்குள்ளேயே ஒரு முன்பெருக்கி இருக்கக்கூடும். அதைப் போனோ துளையில் செருகினால் ஒலி இருமுறை பெருக்கப்படுகிறது. கருவியைச் சாதாரணத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். 1960, 1970களில் வந்த மலிவான கருவிகள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருந்தது. அது வலுவான குறிப்பைத் தருவதால் அதற்கும் சாதாரணத் துளையே ஏற்றது.

உறுமல் கேட்டால்

பாடலோடு 'ம்ம்ம்' என்ற உறுமலும் கேட்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலைவே உறுமலாக ஒலிக்கிறது. மிக நுண்ணிய குறிப்பைத் தரும் கார்ட்ரிட்ஜ் இதை எளிதில் ஈர்த்துக்கொள்ளும்.

கருவியின் பின்புறம், சிவப்பு, வெள்ளைச் செருகிகளோடு மெல்லிய கம்பி ஒன்றும் தனியே தொங்குகிறதா என்று பாருங்கள். அதுவே தரைக்கம்பி. தேவையற்றது என்று பலர் அதை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் உள்ள சிறு திருகில் அதை முடுக்கினால் உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். இசைத்தட்டுக் கருவியை ஆம்ப்ளிஃபையரின் மேலேயே வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பதும் நல்லது.

ஒரு பக்கம் மட்டும் பாடினால்

சிவப்புச் செருகி வலப்பக்க ஒலிக்கும் வெள்ளைச் செருகி இடப்பக்க ஒலிக்கும் உரியவை. ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், ஆம்ப்ளிஃபையரில் இவ்விரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது மற்றொரு ஒலிபெருக்கி ஊமையானால், குறை இசைத்தட்டுக் கருவியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. முன்பு ஊமையாக இருந்த அதே ஒலிபெருக்கி இன்னும் ஊமையாக இருந்தால், குறை ஆம்ப்ளிஃபையர் பக்கம் உள்ளது. செருகியில் படிந்த அழுக்கைத் துடைத்தாலே குறை நீங்குவதும் உண்டு.

வேகமும் ஊசியும்

பாடகரின் குரல் இழுபட்டுக் கேட்டால், வேகத்தைச் சரிபாருங்கள். நெடுந்தட்டுகள் நிமிடத்திற்கு 33⅓ முறையும் சிறு தட்டுகள் பெரும்பாலும் 45 முறையும் சுழல வேண்டும். வேகத்தைச் சரியாக வைத்தும் குரல் தடுமாறினால், தட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கலாம்.

பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் பல 78 சுழற்சித் தட்டுகளில் வெளிவந்தவை. அவற்றின் பள்ளம் அகலமானது. அதற்கெனத் தனி ஊசி உண்டு. அந்த ஊசியால் நெடுந்தட்டை இயக்கினால், அதன் நுண்ணிய பள்ளம் தேய்ந்து கெட்டுவிடும். ஒருமுறை தேய்ந்த பள்ளத்தை மீண்டும் சரிசெய்ய முடியாது.

கவனத்தில் கொள்ளுங்கள்

கம்பிகளைச் செருகும் முன்பும் கழற்றும் முன்பும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். கருவியின் அடிப்பகுதியை நீங்களாகத் திறக்க வேண்டாம். மின்கம்பி நைந்திருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

மற்றொன்றும் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, உடனே கேட்டுப் பாருங்கள். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எது குறையைத் தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும். நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் கூறுகிறார். கருவிகளுக்கும் அது பொருந்தும்.

பல்லாண்டுகள் அலமாரியில் கிடந்த தட்டிலிருந்து பாடல் தெளிவாக எழும்போது, தாத்தாவை அருகில் அமரச் செய்யுங்கள். அந்தப் பாடலைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு கதை இருக்கலாம்.